முதலில் பூத்த செடியின் விதை

தம்பி,

நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். அங்கே மழையா என்று கேட்டேன். தூறல் என்றாய். "வேறை ஏதும் கதைக்க இருக்கோ அப்பா?" என்று நீ கேட்டபோது, இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இருந்தது. இருபது வருடமாக இருக்கிறது. எழுத்தில் வந்தால்தான் எனக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே விடிந்ததும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உன் கைக்கு வருமா என்பது நிச்சயமில்லை. அம்மா மத்தியான பஸ்ஸில் இதைக் கொண்டுவருகிறாள். வாசித்து முடிக்கும்வரை அவளிடம் எதையும் கேட்காதே. முடித்தபின், உன்னோடு வேலை செய்பவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டலாம். அப்படி வாசிக்கப்பட வேண்டும் என்று நினைத்தே எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் நாற்பது குடும்பங்களுக்கு நீ கொடுக்கவிருக்கும் கரட் விதையைக் கொடுக்கக் கூடாது. அது கெட்ட விதை. அதைக் கெடுத்தவன் நான்.

போன ஞாயிறு நீ வீட்டுக்கு வந்து அந்தச் சிறிய பொதியை என் உள்ளங்கையில் வைத்தாயே, அதில் என் பெயர் அச்சடித்திருந்தது. "உங்கட விதைதான் அப்பா. குளிர் அறையில ஒரு தகரத்துக்குள்ள கிடந்தது. மேல ஒட்டியிருந்த துண்டில உங்கட எழுத்து. நூறு போட்டால் பத்துக்கூட முளைக்கேல்லை, ஆனால் முளைச்சதின்ர கிழங்கைக் குளிர் அறையில வைச்சுப் பூக்கப்பண்ணிப் பெருக்கி எடுத்திட்டன்" என்றாய். உன் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. "நீங்கள் ஆயுள் முழுக்க வாய் திறக்கேல்லை. உங்கட கரட் இனிக் கதைக்கும்" என்று சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நான் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்து வடிவாக இருக்கிறது என்றேன். மகன் ஒருவன் தகப்பனுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதையைக் கொடுத்தபோது, அதை வாங்கத் தகுதி இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மேடையில் நின்று முதல் பொதியை என் கையால் கொடுக்க வேண்டும் என்றாய். அதற்கும் தலையாட்டினேன்.

இப்போது உன் பொறுப்பில் இருக்கும் அதே அரசாங்கப் பண்ணையில்தான் நான் பதிவுகள் எழுதிக்கொண்டிருந்தேன். காலை எட்டரைக்கு, வெப்பமானி இருக்கும் வெள்ளைப் பெட்டியைத் திறந்து, இரவின் ஆகக் குறைந்த வெப்பநிலையைப் பார்ப்பேன். பிறகு பாத்தி பாத்தியாக நடந்து எது முளைத்தது, எது வாடியது, எது பூத்தது என்று எழுதுவேன். வெளியிலிருந்து வரும் விதை சில வருடம் நேரத்துக்கு வராது. தோட்டத்துச் சனங்கள் தாங்கள் குடியிருக்கும் லய வரிசைக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் போட விதை கேட்டு வந்து நிற்பார்கள். ஆகவே இங்கேயே விதை எடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

கரட் பூத்து, அதன் வெள்ளைக் குடைகள் காய்ந்து விதையாகும் நேரத்தில்தான் மலையில் மழை இறங்கும். பிந்திப் பூத்தவை மழையில் அழுகிவிடும். முந்திப் பூத்தவை மழைக்கு முன் விதை தந்துவிடும். முதல் வருடம் பாதிக்கு மேல் அழுகிப்போனது. நான் ஒழுங்கான ஆள். அடுத்த வருடம் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் பூந்தண்டு விட்ட செடிகளின் கழுத்தில் அம்மாவின் பின்னல் கூடையிலிருந்து எடுத்த சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினேன். அவற்றின் விதையை மட்டும் எடுத்தேன். அதையே விதைத்து, அதிலும் முதலில் பூத்தவற்றுக்கு நூல் கட்டி, அதிலிருந்து எடுத்தேன். மூன்று தலைமுறை இப்படிச் செய்தேன். விதை சாக்குச் சாக்காக வந்தது. பண்ணைப் பொறுப்பாளர் சத்தமாகப் பேசும், நல்ல மனம் படைத்த சிங்கள மனிதர். என்னை மகத்தயா, அதாவது ஐயா, என்றே கூப்பிடுவார். என் தோளில் தட்டி, "மகத்தயா, நீர் மழையையே ஏமாத்திட்டீர்" என்றார்.

நான் என்ன செய்துவிட்டேன் என்பது உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும். நீ இதைப் பட்டத்துக்குப் படித்தவன், நான் பழைய சஞ்சிகைகளில் தட்டுத்தடுமாறிப் படித்தவன். ஆகவே நான் பிழையாகச் சொன்னால் திருத்திக்கொள். குளிர் பட்டால் கரட் பூக்கும் என்பது பாதி உண்மை. எவ்வளவு குளிர், எத்தனை நாள், எந்த வயதில் பட்டால் பூக்கும் என்பதை அதன் மரபணு தீர்மானிக்கிறது. குளிர் நாட்டு இனங்களுக்கு மாதக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நம் மலையின் குளிர் அவற்றுக்குப் போதாது. ஆகவே இங்கே அவை பேசாமல் கிழங்கு வைக்கும். வெப்ப நாட்டு இனங்களுக்குச் சில வாரங்கள் லேசான குளிர் போதும். என் கையில் இருந்தது கலப்பு. ஒரே பாத்தியில் பொறுமையான செடியும் இருந்தது, அவசரக்காரச் செடியும் இருந்தது. நான் மூன்று வருடம் நூல் கட்டிக் கட்டி அவசரக்காரர்களை மட்டும் சேர்த்தேன். பொறுமையானவற்றை மழைக்குக் கொடுத்தேன். கிழங்கு வேண்டி விதைக்கும் சனங்களுக்கு, கிழங்கு வைக்க மறந்து பூக்க ஓடும் விதையை உண்டாக்கினேன்.

அதைவிட மோசமான ஒன்றை இனிச் சொல்கிறேன். மூன்றாம் வருடம் எனக்குத் தெரிந்துவிட்டது. கிழங்குக்காகப் போட்ட பாத்தியிலேயே, குளிர் அதிகம் இல்லாத மாதத்தில், பதினேழு செடிகள் தண்டு விட்டிருந்தன. குனிந்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதிவுப் புத்தகத்தில் "பதினேழு" என்று எழுதி, பக்கத்தில் "கவனிக்க" என்று ஒரு சொல் எழுதினேன். அந்தச் சொல்லோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன். பொறுப்பாளர் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவில்லை. அவர் விதையின் நிறையை மட்டும் கேட்டார், நானும் அதை மட்டும் சொன்னேன்.

அந்த யுத்தக் காலம் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். நீயும் நானும் நுவரெலியாவிலிருந்து வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்தார்களே. என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. பையில் பதிவுப் புத்தகம் இருந்தது. பக்கம் பக்கமாக எண்கள். இந்த எண்களெல்லாம் என்ன என்று ஒரு சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிங்களம் தெரியும். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. பஸ்ஸில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். பத்து வயதுகூட ஆகாத நீ, "அப்பா கரட்டுக்குக் காய்ச்சல் பாக்கிறவர்" என்று சிங்களத்தில் சொன்னாய். அவன் சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தான். வீட்டுக்கு வந்து நான் உன்னை ஏசினேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் பேசாதே என்றேன். உன்னை ஏசியது என் பயத்தை மறைக்க. அந்தப் பயத்தையே பிறகு எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் அரசாங்கப் பண்ணையில் கேள்வி கேட்கலாமா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கரட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். அது எனக்கு அன்றும் தெரியும்.

அந்த வருடம் விதையைத் தோட்டத்து மேல் டிவிசனில் பதினோரு வீடுகளுக்குக் கொடுத்தோம். தீபாவளி முடிந்த கிழமைக்குள் போட்டுவிடுங்கள் என்று நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். செல்லம்மா என்ற கொழுந்தெடுக்கும் பெண் வீட்டுச் சுவர்க் கலண்டரில் என் பேனையால் தேதிக்கு வட்டம் போட்டேன். அவளுக்கு ஒரே மகள், பாக்கியம். பதினோராம் வகுப்பில் கெட்டிக்காரி. தோட்டப் பாடசாலையில் உன் அம்மா படிப்பித்த பிள்ளைதான். அந்தக் கரட் விளைந்தால் அவளை ஹட்டனில் தங்கவைத்து உயர்தர வகுப்பில் படிப்பிப்பதாகச் செல்லம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

மார்கழிக் கடைசியிலிருந்து வானம் தெளிந்தது. தெளிந்த இரவென்றால் என்ன என்று உனக்குத் தெரியும். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்த பூப்பனி. பெட்டிக்குள் வெப்பமானி நாலு, மூன்று, ஒரு நாள் ஒன்றுக்குக் கீழே. செடிகளுக்கு எட்டுப் பத்து இலை வந்திருந்த வயது. அதற்கு முன் என்றால் அவை குளிரைக் கண்டுகொண்டிருக்காது. சரியாக அந்த வயதில், சரியாக மூன்று வாரம் விடாமல் குளிர். ஒவ்வொரு காலையும் எண்ணை எழுதும்போது மேல் டிவிசன் பக்கம் பார்ப்பேன். போய் ஒரு சொல் சொல்லியிருந்தால் முழுவதையும் காப்பாற்றியிருக்க முடியாதுதான். இளசாகவே பிடுங்கியிருக்கலாம். பாதிக்குப் பாதியாவது தேறியிருக்கும். நான் போகவில்லை. பூக்காமலும் போகலாம் என்று இருந்தேன்.

மாசியில் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். பதினோரு வீட்டு நிலமும் இடுப்பளவு வெள்ளைப் பூவாக நின்றது. செல்லம்மா ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். "பூ நல்லாத்தாங்க இருக்கு ஐயா, கலியாண மணவறைக்கு வெட்டிக் குடுக்கலாம். கெழங்குதான் வெறகா இருக்கு. கத்தி எறங்கல." பக்கத்து வீட்டுக்காரர், "நான் மாட்டுக்குப் போட்டேன். அது மோந்து பாத்துட்டு என்னைய மொறச்சுட்டுப் போயிருச்சு" என்றார். சனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னைத் திட்டுவது ஒன்றும் இல்லை. நான் வந்து காரணம் சொல்வேன் என்று நம்பிச் சிரித்தார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அறிக்கையை எழுதியது நான். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. பொறுப்பாளர் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார். "சிபாரிசு செய்த காலத்தில் விதைக்கப்படவில்லை. விதைப்புப் பிந்தியதால் பயிர் குளிரில் அகப்பட்டது" என்று எழுதி ஒப்பமிட்டேன். அதைத் தோட்ட அலுவலகத்தில் வாசித்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பதினோரு வீட்டுக்கும் விதை கிடைக்கவில்லை. பாக்கியம் ஹட்டனுக்குப் போகவில்லை. சித்திரையில், காலையில் கொழுந்தெடுக்க ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவள் பெயரும் கூப்பிடப்பட்டது. தகரத்தில் மீதமிருந்த விதையைக் குளிர் அறையின் பின்தட்டில் வைத்தேன். வீசியிருக்க வேண்டும். நல்ல எழுத்தில் துண்டு ஒட்டிப் பத்திரமாக வைத்தேன்.

உன் பரிசோதனைப் பாத்தியில் ஒன்றும் பூக்கவில்லையே என்று நீ கேட்பாய். நீ பார்த்த இரண்டு தை மாதமும் மேகமூட்டமானவை. ஓய்வுபெற்றும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை, வீட்டுப் பின்பக்கம் ஒரு வெப்பமானி தொங்குகிறது. இரண்டு வருடமும் ஏழுக்குக் கீழே அது போகவே இல்லை. மரபணு உள்ளே இருந்துகொண்டு, தனக்கு வேண்டிய குளிர் வரட்டும் என்று இருக்கிறது. இந்த வருடமும் வராமல் போகலாம். வந்தால் நாற்பது வீடு.

திங்கட்கிழமை முழுவதும் உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். செவ்வாய் காலை உன்னிடம் வருவதாகச் சொல்லி வெளிக்கிட்டவன், பஸ் தரிப்பிடத்தைத் தாண்டி மேல் டிவிசனுக்கு நடந்துவிட்டேன். செல்லம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. வாசலில் போஞ்சி உரித்துக்கொண்டிருந்தாள். லயத்துக்குப் பின்னால் பாக்கியம் மம்பட்டியோடு நின்றாள். பாத்திகள் எல்லாம் தயாராக இருந்தன.

"அட, கரட்டு ஐயா! வாங்க வாங்க. பாக்கியம், நாக்காலியத் தூக்கிப் போடு. மகன் அனுப்பிச்சாருங்களா? ஞாயித்துக்கெழம மொத ஆளா நாங்க வந்து நிப்போம்னு சொல்லுங்க."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். நூல் கட்டியது, பதினேழு, அறிக்கை எல்லாம். இடையில் மூன்று தரம் நிறுத்தினேன். செல்லம்மா போஞ்சி உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் பிந்திப் போட்டேன்னு எழுதுனீங்களா?"

"ஓம்."

"தீவாளிக்கு மறுநாளே போட்டேங்க. பலகாரம் சுட்ட சட்டியக்கூடக் கழுவல."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேதான் எழுதியிருக்கீங்க."

"ஓம் அம்மா."

பாக்கியம் மம்பட்டியைக் கீழே வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தாயைத்தான் பார்த்தாள். "இருவது வருசமா நாந்தான் அம்மாவத் திட்டிக்கிட்டிருக்கேன் ஐயா. சொன்ன நாள்ல போட்டிருந்தா நான் படிச்சிருப்பேன்னு. சண்டை வந்தா மொத வார்த்த அதான். ஆபீஸ்ல அப்படித்தான வாசிச்சாங்க. எழுத்துல இருந்திச்சே, நம்பிட்டேன்."

செல்லம்மா, "விடுடி" என்றாள். "நான் ஆயிரந்தடவ சொன்னேன். நீ கேட்டியா?"

நான் எழுதியது ஒரு விளைச்சலைப் பற்றிய பொய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த ஒரு வரி அந்த வீட்டுக்குள் போய், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

பிறகு பாக்கியம் கேட்டாள். "இப்ப சொல்லுங்க ஐயா. மகன் குடுக்குற வெதையப் போடலாமா, வேணாமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்பது என் வாய் வரைக்கும் வந்தது. "வேண்டாம்" என்றேன்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த லயத்துக்கு நடந்தாள். மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்கும். இதை நீ என்னிடமிருந்தே கேட்க வேண்டும் என்றுதான் நேற்றுத் தொலைபேசி எடுத்தேன். எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

உன்னிடம் கேட்காமல் அவர்களிடம் சொன்னது உனக்குச் செய்த அநியாயம். மேலதிகாரிகளுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் உன்னிடம் முதலில் வந்திருந்தால், "கொஞ்சம் பொறுங்கோ அப்பா, நான் பாக்கிறன்" என்று நீ நியாயமாகவே சொல்லியிருப்பாய். நான் பொறுத்திருப்பேன். பொறுத்திருப்பதில் எனக்கு எவ்வளவு பழக்கம் என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

உனக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. அந்த விதை முழுவதையும் எரித்துவிடு. பெயருக்காக ஒரு பிடிகூட வைக்காதே. மறுபடி விதை எடுக்கும்போது பிந்திப் பூக்கும் செடிகளில் எடு. மழைக்கு மேலே பொலித்தீன் கூரை போடு, அந்த எளிய யோசனை அன்று எனக்கு வரவில்லை. ஒரு கடுங்குளிர் தை மாதத்தைக் காணாத விதையை யாருக்கும் கொடுக்காதே, அதற்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டி வந்தாலும். உனக்குக் கீழே யாராவது பதிவில் "கவனிக்க" என்று எழுதியிருந்தால், அவனைக் கூப்பிட்டு எதைக் கவனிக்க என்று கேள். என்னைப் போன்றவர்கள் கேட்டால் சொல்லிவிடுவோம். கேட்காமலும் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது. அதை நீ இவ்வளவு பிந்தி விளங்கிக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ மண்டபத்தைத் திறப்பாயோ தெரியாது. திறந்தாலும் திறக்காவிட்டாலும் நான் வருவேன். மண்டபம் பூட்டியிருந்தால் வாசலில் நிற்பேன். செல்லம்மாவின் பெயரைச் சொல்லிப் பேசலாமா என்று அவளிடமே கேட்டேன். கடைசிப் போஞ்சியையும் உரித்துப் போட்டுவிட்டு, "சொல்லுங்க. தீவாளிக்கு மறுநாளே போட்டாள்னு சத்தமாச் சொல்லுங்க. நீங்க பேசுனா முன்னால நிக்கிறவனுக்கே கேக்காது" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே இன்று விடியற்காலையிலிருந்து, எழுதுவதை இடையிடையே நிறுத்திவிட்டு, எழுந்து நின்று சொல்லிப் பார்க்கிறேன். "செல்லம்மா பிந்தி விதைக்கவில்லை. நான் பொய் எழுதினேன்." அம்மா உன்னிடம் வருவதற்குச் சேலை மாற்றிக்கொண்டு அறைக்குள் நிற்கிறாள். ஒவ்வொரு தரமும் உள்ளேயிருந்து, "கேக்கேல்லை" என்கிறாள்.

அப்பா